ஸ்கேகல் இல்லை, ஆனாலும் புளி வேண்டாம்

கேள்வி: ஐயா, நான் மிச்சிகன் மாநிலம் கிராண்ட் ராபிட்ஸில் பொறியாளராக இருக்கிறேன். போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் காலமாகி, அவர் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். ஷெட்டில் கிடந்த ஒரு வேட்டைக் கத்தியை 45 டாலருக்கு வாங்கினேன். தோல் வில்லைகளை அடுக்கிய பிடி, நுனியில் மான்கொம்பு, தோல் உறை. அலகில் மங்கலாக எஸ், ஏ, ஜி, எல் என்ற எழுத்துகள் தெரிகின்றன. இது ஸ்கேகல் கத்தியாகத்தான் இருக்க வேண்டும், பத்தாயிரம் டாலருக்கு மேல் போகும் என்கிறார் என் அமெரிக்க நண்பர். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் பிடிப் பக்கத்துப் பித்தளையைப் புளி போட்டு விளக்கிக் கொடுத்தார், தங்கம் போல இருக்கிறது. அலகையும் விளக்கலாமா? இதன் விலை என்ன? இதுபோலச் சேர்க்க ஆரம்பிக்கலாமா? கோவையில் இருக்கும் அப்பாவுக்கு இதைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் ஆசை. எட்டுப் படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம். முதலில் அந்தப் புளியை எடுத்து அலமாரியில் வையுங்கள். அலகைத் தொட வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் மாமியார் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. குத்துவிளக்கு விளக்கிப் பழகிய கைக்குக் கறுத்த பித்தளையைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். ஒன்று மட்டும் அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்: புளியோடு உப்பும் சேர்த்தாரா? புளியின் அமிலத்தைவிட உப்புதான் அதிகக் கெடுதல். பித்தளைத் தடுப்புக்கும் முதல் தோல் வில்லைக்கும் நடுவில் மயிரிழை அளவு சந்து இருக்கிறது. உப்புத் தண்ணீர் அதற்குள் இறங்கினால், பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்புக் காம்பை உங்களுக்குத் தெரியாமலே அரிக்கும். மூன்று வருஷம் கழித்துப் பிடி ஆட ஆரம்பிக்கும்போதுதான் தெரியவரும். காய்ச்சி வடித்த தண்ணீரில் பஞ்சுக்குச்சியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, பித்தளையை மட்டும் நாலைந்து முறை ஒற்றி எடுங்கள். உடனே உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு நாள் முழுக்க மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். தோலை நனைக்காதீர்கள்.

இனி, கத்தி யாருடையது என்ற பேச்சு. உங்கள் நண்பரைக் குறை சொல்ல மாட்டேன், மிச்சிகனில் இப்படி ஒரு பிடியைப் பார்த்தால் யாருக்கும் முதலில் ஸ்கேகல் நினைப்புத்தான் வரும். வில்லியம் ஸ்கேகல் 1963 வரை வாழ்ந்தவர். உங்கள் ஊரிலிருந்து மேற்கே, மஸ்கீகன் அருகிலுள்ள ஃப்ரூட்போர்ட்டில் தனியாகப் பட்டறை வைத்திருந்தார். தோல் வில்லை, பித்தளை, ஃபைபர் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி அடுக்கி, கடைசியில் மான்கொம்பை வைத்து முடிப்பது அவர் பாணி. கொம்பு மானின் தலையோடு சேரும் இடத்தில் பூப்போலச் சுற்றியிருக்கும் விளிம்பு, அதாவது அடிப்பூ, அப்படியே பிடியின் முடிவாக நிற்கும். நியூயார்க்கில் ஆபர்குரோம்பி அண்ட் ஃபிட்ச் கடை அவர் கத்திகளை விற்றது. அந்தக் காலத்தில் அது துணிக்கடை இல்லை, வேட்டைக்காரர்களின் கடை.

1937-இல் மிச்சிகனின் வாலூன் ஏரிக்கு விடுமுறைக்கு வந்த ஃபுளோரிடாக்காரர் ஒருவர், கரையில் ஒரு ஆள் படகின் அடியில் ஒட்டிய பெயிண்டைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அவ்வளவு சுரண்டியும் கத்தியின் வாய் மழுங்கவில்லை. அது ஸ்கேகல் கத்தி. அதை விலைபேசி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர், அதைப் பார்த்துத் தானும் ஒன்று அடித்தார். அவர்தான் போ ராண்டல். ஆர்லாண்டோவில் அவர் தொடங்கிய பட்டறை இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்களிடையே பேர் வாங்கியது. இன்றைக்கும் நடக்கிறது, ஆர்டர் கொடுத்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கதை அங்கேயும் நிற்கவில்லை. 1950-களின் தொடக்கத்தில் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்த்த பாப் லவ்லெஸ் என்ற இளைஞர் அதே ஆபர்குரோம்பி கடைக்குப் போய் ஒரு ராண்டல் கத்தி கேட்டார். ஒன்பது மாதம் ஆகும் என்றார்கள். கோபத்தோடு வெளியே வந்தவர், பழைய இரும்புக் கிடங்கில் ஒரு 1937 பேக்கார்ட் காரின் வில்லுப்பட்டையை எடுத்துப்போய்த் தானே ஒரு கத்தி செய்துவிட்டார். பின்னாளில் வேட்டைக் கத்தியின் உருவத்தையே மாற்றியவர் அவர். முதுகிலிருந்து மெல்லச் சரிந்து இறங்கும் முனை, பின்னால் போகப் போக மெலியும் காம்பு என்று இன்று உலகம் முழுக்க எல்லாரும் செய்வது அவர் வழியில்தான். ஸ்கேகல், ராண்டல், லவ்லெஸ் என்று ஒருவர் கத்தியிலிருந்து அடுத்தவர் கத்தி பிறந்த இந்த வரிசை தெரிந்தால், இந்தத் துறையில் பெருவிலைகள் ஏன் இந்தப் பெயர்களைச் சுற்றியே வருகின்றன என்பது புரியும். ஒரு நல்ல ஸ்கேகல் பல ஆயிரம் டாலருக்குப் போகும் என்று உங்கள் நண்பர் சொன்னதும் உண்மைதான்.

ஆனால் உங்கள் கையில் இருப்பது ஸ்கேகல் இல்லை.

நீங்கள் அனுப்பிய ஐந்தாவது படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். எஸ்-க்கும் ஏ-க்கும் நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது. ஸ்கேகல் என்ற பெயரானால் அங்கே ஒரு சி இருக்க வேண்டும், அது நுழைய இடமே இல்லை. ஜி, எல் இரண்டும் அதே வரியில் இல்லை, கீழ் வரியில் இருக்கின்றன. எல்-லுக்குப் பிறகு இன்னொரு எழுத்தின் இடது கால் தெரிகிறது, அது ஏ. எஸ்-க்கு முன்னால் தேய்ந்துபோன இரண்டு செங்குத்துக் கோடுகள் ஒரு எம்-மின் மிச்சம். சேர்த்துப் படித்தால் மேல் வரி எம்.எஸ்.ஏ. கம்பெனி, கீழ் வரி அந்தக் கம்பெனி இருந்த ஊரான கிளாட்ஸ்டன். கையில் இருந்த நாலு எழுத்தை வைத்து, இல்லாத இரண்டு எழுத்தை நீங்கள் இருவரும் மனசாலேயே போட்டுக்கொண்டீர்கள். இது எல்லாருக்கும் நடப்பதுதான், நான் இதைவிடப் பெரிய தொகைக்கு ஏமாந்திருக்கிறேன், பின்னால் சொல்கிறேன். இன்னொன்று, ஸ்கேகல் தன் பெயரோடு ஒரு வளைந்த குறுவாளைச் சின்னமாகப் பொறிப்பார். மலேசியத் தமிழர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள், அது அவர்கள் ஊர் கிரிஸ். உங்கள் அலகில் அதன் சுவடு எதுவும் இல்லை.

எம்.எஸ்.ஏ. என்றால் மார்பிள் சேஃப்டி ஆக்ஸ். மிச்சிகனின் வடகோடியில் காட்டு மரங்களைக் கணக்கெடுக்கும் வேலை பார்த்த வெப்ஸ்டர் மார்பிள் என்பவர் தொடங்கிய கம்பெனி. வாயை மடக்கி மூடிக்கொள்ளும் கைக்கோடரியும், நனையாத தீப்பெட்டியும் செய்து விற்றவர். காட்டில் அலைந்தவனுக்கு என்ன தேவை என்று தெரிந்து செய்த சாமான்கள். 1900-ஐ ஒட்டி ‘ஐடியல்’ என்று ஒரு வேட்டைக் கத்தியைக் கொண்டுவந்தார். அதுவரை அமெரிக்க வேட்டைக்காரர்களில் பலர் கசாப்புக் கத்தியைத்தான் இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள். உங்கள் அலகின் இரு பக்கமும் நீளவாக்கில் அகலமாக ஒரு பள்ளம் ஓடுகிறதே, அது ஐடியலின் அடையாளம். ரத்தம் வழிய வைத்த ஓடை என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். தடித்த இரும்பில் எடையைக் குறைக்கத்தான் அந்தப் பள்ளம். முதுகின் உறுதி போகாது, கை வலிக்காது.

கம்பெனியின் பெயர் 1911-இல் மார்பிள் ஆர்ம்ஸ் என்று மாறியது. அதனால் இந்த முத்திரை உள்ள கத்தி பழையதுதான். ஆனால் 1911-க்கு முந்தியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பெயர் மாறினாலும் நல்ல நிலையில் இருக்கும் அச்சை எந்தப் பட்டறையும் மறுநாளே தூக்கி எறிவதில்லை.

இது கைவேலையா, ஃபேக்டரி வேலையா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஃபேக்டரிதான். ஆனால் அந்தக் காலத்து ஃபேக்டரி. அலகைச் சாணைக்கல்லில் பிடித்தது ஒரு மனிதனின் கை, தோல் வில்லையைக் கோத்து இறுக்கியதும் கை. உங்கள் மூன்றாவது படத்தில் இடது பக்கப் பள்ளம் வலது பக்கத்தைவிட ஒரு நூலளவு முன்னாலேயே முடிகிறது. அந்தச் சின்னப் பிசகை நான் ரசித்துப் பார்த்தேன். தனி ஆள் பட்டறைக் கத்திக்கும் இதற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு, அது வேறு விஷயம்.

விலைக்கு வருவோம். நீங்கள் அளந்து எழுதியபடி அலகு 5.6 அங்குலம். ஐடியல் 5 முதல் 8 அங்குலம் வரை பல அளவுகளில் வந்தது. உங்களுடையது 6 அங்குலமாகப் பிறந்தது என்று நினைக்கிறேன். முனையில் கொஞ்சம் போயிருக்கிறது, எப்போதோ முனை ஒடிந்து யாரோ தேய்த்துச் சரிசெய்திருக்கிறார்கள். அதைவிட முக்கியம் அகலம். பள்ளத்தின் கீழ் ஓரத்துக்கும் வாய்க்கும் நடுவே எவ்வளவு இரும்பு மிச்சம் என்பதை வெர்னியரில் அளந்து பாருங்கள். பிடி அருகே ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு. நடுவில் குறுகியிருந்தால் வருஷக்கணக்கில் சாணை பிடித்து அலகைத் தின்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய கத்தி வாங்குகிறவன் காசு கொடுப்பது மிச்சமிருக்கும் இரும்புக்கு. பளபளப்புக்கு யாரும் கொடுப்பதில்லை, அதற்காகக் குறைக்கத்தான் செய்வார்கள்.

அலகில் இப்போது இருக்கும் அந்தச் சாம்பல் நிறம் அழுக்கு இல்லை. இரும்பு தன் மேல் தானே மெல்ல மெல்லப் போர்த்திக்கொண்ட படலம். அதைத் தேய்த்தால் முதலில் போவது முத்திரைதான். ஏற்கெனவே எம் போய்விட்டது. இன்னொரு முறை விளக்கியிருந்தால் எஸ்-ஸும் போயிருக்கும், நீங்கள் எனக்குக் கடிதம் எழுதவே காரணம் இருந்திருக்காது. விளக்கிய பித்தளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நாளாவட்டத்தில் தானே மங்கிவிடும். சீக்கிரம் கறுக்கவைக்கிறேன் என்று மருந்து எதுவும் தடவ வேண்டாம்.

இந்த நிலையில், இந்த உறையோடு, 250 முதல் 350 டாலருக்குள் மதிப்பிடுகிறேன். முனை ஒடியாமல், முத்திரை முழுசாக, பித்தளையைத் தொடாமல் இருந்திருந்தால் இதைப் போல இரண்டு பங்கு. இது ஒருவர் ஆசைப்பட்டு வாங்கும் விலை. கடைக்காரரிடம் கொண்டுபோனால் ஏறக்குறைய பாதிதான் தருவார், அவர் வாடகை கட்ட வேண்டும். ஏலத்தில் விட்டால் கமிஷன் போகும். இணையத்தில் விலையைத் தேடும்போது விற்கிறவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஆயிரம் டாலர் போட்டுவிட்டு மூன்று வருஷமாகக் காத்திருக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். விற்று முடிந்தவற்றின் விலையை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். உங்கள் ஊரில் ஒரு வேட்டைக் கத்தி 45 டாலருக்குக் கிடைத்ததே லாபம்தான், அதில் சந்தேகமில்லை.

சேர்க்க ஆரம்பிக்கலாமா என்றால், ஆரம்பிக்கலாம், ஆனால் ஸ்கேகலிலிருந்தோ லவ்லெஸ்ஸிலிருந்தோ வேண்டாம். நான் ஏமாந்த கதை இதுதான். தொழிலுக்கு வந்து நாலு வருஷம்கூட ஆகாத நேரம். ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த கத்திக் கண்காட்சியில், சந்தை விலையில் பாதிக்கு ஒரு லவ்லெஸ் கிடைத்தது. லவ்லெஸ் பட்டறை இருந்த ரிவர்சைடு ஊரின் பெயர் போட்ட முத்திரை சுத்தமாக இருந்தது. பிடிக்கட்டைக்கு அடியில் அவர் வழக்கமாக வைக்கும் சிவப்பு ஃபைபர் கூட இருந்தது. விற்றவர் சொன்ன கதையும் அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்து விளக்கடியில் கத்தியை முதுகுப்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். காம்பு முன்னாலும் பின்னாலும் ஒரே தடிமன். லவ்லெஸ் கத்தியில் அது பின்னால் போகப் போக மெலிய வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த ஹாலில் என் கண் முழுக்க முத்திரையிலேயே இருந்தது, அவ்வளவுதான். இரண்டு மாதச் சம்பளம். அமிலம் வைத்து முத்திரை அரிப்பது ஒரு மத்தியான வேலை, யாரும் செய்யலாம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இழைத்து, காம்பை ஒரே சீராக மெலியவைப்பது அப்படி இல்லை, பல வருஷக் கை வேண்டும். போலி செய்கிறவனுக்கு அந்தப் பொறுமை இருந்தால் அவன் தன் பெயரிலேயே விற்பான். அந்தக் கத்தி இன்னும் என் மேஜையில் இருக்கிறது. தபால் உறை கிழிக்க வைத்திருக்கிறேன்.

ஆகவே நீங்கள் இருக்கும் இடத்திலிருந்தே தொடங்குங்கள். மார்பிள்ஸ் கத்திகள் மிச்சிகன் முழுக்கப் பழைய வீடுகளில் கிடக்கின்றன. ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்று எடுத்து இருபது கத்திகளைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு இருபத்தொன்றாவது தானே பேசும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், வெர்னியர், ஒரு சின்ன டார்ச் போதும். டார்ச்சை நேராக அடிக்காமல் அலகுக்குப் படுக்கையாகப் பிடியுங்கள், தேய்ந்த எழுத்துகள் நிழலில் எழுந்து நிற்கும். காந்தம் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், ‘பித்தளை’ அதில் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. தனி ஆள் கைவேலைதான் வேண்டும் என்று மனசு கேட்டால், மொன்டானாவில் ரூடி ருவானா செய்தவற்றைப் பாருங்கள். அலுமினியம் வார்த்த பிடியில் கொம்புத் துண்டைப் பதித்திருப்பார், பார்த்தவுடன் அடையாளம் தெரியும். புதிதாக வருகிறவரின் பைக்கும் எட்டும். யானைத் தந்தப் பிடி போட்டது எதுவானாலும் கிட்டே போகாதீர்கள். 2016-க்குப் பிறகு அமெரிக்காவில் தந்த வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு கடுமையாகிவிட்டது, வாங்கினாலும் மறுபடி விற்க முடியாமல் கையைக் கட்டிப்போடும்.

கத்தியை உறைக்குள் வைத்துப் பூட்டி வைக்காதீர்கள். வேட்டைக்குப் போகும்போது மாட்டிக்கொள்ளத்தான் உறை, கத்தி குடியிருக்க இல்லை. தோல் பதப்படுத்திய அமிலமும் ஈரமும் சேர்ந்து அலகில் புள்ளி புள்ளியாகத் துருவை வைக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு பூக்கும். உங்கள் ஏழாவது படத்தில் உறையின் ரிவெட்டுகளைச் சுற்றி அது ஏற்கெனவே இருக்கிறது. பல்குத்தும் குச்சியால் மெல்லச் சுரண்டினால் வந்துவிடும். கத்தியையும் உறையையும் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாக வையுங்கள், ஆனால் பிரித்துவிடாதீர்கள். உறை தொலைந்தால் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துத்தான் நான் மதிப்பிடுவேன். அலகுக்கு மினரல் ஆயில் ஒரு சொட்டு. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம், நாளாக ஆகக் கெட்டுப்போகும். செலவழிக்க மனமிருந்தால் பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான ரெனைசான்ஸ் மெழுகு ஒரு டப்பா வாங்குங்கள், அது பல வருஷம் வரும்.

அப்பாவுக்குக் கொண்டுபோகும் ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீளம் பிரச்சினை இல்லை. நம் ஆயுத விதிகள் பொதுவாக 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைத்தான் பிடிக்கின்றன, உங்களுடையது அதற்குள் அடங்கும். சிக்கல் கொம்பில் இருக்கிறது. உட்பக்கம் பஞ்சு குறைந்து நெருக்கமாக இருக்கும் என்பதால் இந்தியக் கடமான் கொம்பைத்தான் அந்தக் காலத்துக் கத்திக்காரர்கள் விரும்பித் தேடி வாங்கினார்கள். 1990-களின் இறுதியில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தும் வரை அது கப்பல் கப்பலாக வெளியே போனது. உங்கள் கொம்பு அமெரிக்க மானுடையதா, நீலகிரிப் பக்கத்துக் கடமானுடையதா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. சொந்த ஊருக்கே திரும்பி வந்தாலும், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தகுந்த சான்று இல்லாத கடமான் கொம்பு வம்புதான். சுங்கத்தில் நின்றுகொண்டு ‘இது மிச்சிகன் மான்’ என்று நீங்கள் விளக்குவதை என்னால் கற்பனை செய்ய முடிகிறது. அப்பா அமெரிக்கா வரும்போது காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. எட்டுப் படத்திலும் உறையின் முன்பக்கம்தான் இருக்கிறது. இடுப்புப் பட்டை நுழையும் பின்பக்கத்தை எடுத்து அனுப்புங்கள். பழைய வேட்டைக்காரர்கள் அங்கேதான் பெயரும் முகாமின் இடமும் பென்சிலில் எழுதி வைப்பார்கள். காலமான பெரியவரின் பெயரோ அவர் தகப்பனார் பெயரோ அங்கே இருந்தால், நான் சொன்ன விலையைத் திருத்த வேண்டியிருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு எடுக்காதீர்கள், மாமியாரிடமும் சொல்லி வையுங்கள்.